மடியில தேங்காய்

அம்சவல்லியைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நான் ஏதோ நடுவுல நின்னு ஞாயம் பேசறேன்னு யாரும் நெனச்சுடக் கூடாது. சம்பந்தியா வரப்போறவளை இப்படிப் பேசலாமான்னு எங்க வீட்டுக்காரரு கதிர்வேல் கேட்டாரு. வந்ததுக்கப்புறம் பேசினா மட்டும் இனிக்குமான்னு நான் கேட்டேன். மனுஷன் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா பிடிச்சுக்கினாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவருக்கு அதான் பாதுகாப்பு.

எம் பேரு கமலாட்சி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எங்க வீட்டோட சேர்ந்தே தறி ஓடுது. நெய்யிறது குமாரவேல், டிசைன் போடறது நான். கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா நிரப்பி, எந்த இடத்துல ஜரிகை, எந்த இடத்துல பட்டுன்னு நான் சொன்னாத்தான் தறி கேக்கும். மயிலு, யாளி, தேரு, பொண்ணு மாப்பிள்ளை முகம், எதைக் கொண்டாந்து குடுத்தாலும் முந்தானையில உக்கார வெச்சுடுவேன். இந்த விஷயத்துல எனக்கு வாய் நீளம். மத்த விஷயத்துலயும் அப்படித்தான்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு.

அப்பேர்ப்பட்ட வாயை மாசக்கணக்கா மூடிக்கினு இருந்தேன், எங்க காயத்ரிக்காக. பக்கத்துல ஏனாத்தூர் காலேஜுல படிச்சா, இப்ப சென்னையில வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்கு ஒரு நிச்சயம் ஆச்சு. அந்தப் பையன் எப்பப் பாத்தாலும் இவ போனைப் பிடுங்கி, யாரு பேசினா, எதுக்குப் பேசினான்னு நோண்டுவான். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு பாக்க கையை ஓங்கிட்டான். இவ வீட்டுக்கு வந்து, மோதிரத்தைக் கழட்டி டேபிள் மேல வெச்சுட்டு, "வேணாம்மா"ன்னா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "பொண்ணு கிட்ட ஏதோ இருக்குது, அதான் நின்னுபோச்சு"ன்னு பேசினாங்க. வந்த ஜாதகமெல்லாம் வந்த வழியே திரும்பிப் போச்சு. இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா அப்புறம் ஒரு ஜாதகம் கூட வராதுன்னு பயந்தேன்.

அப்பத்தான் விக்னேஷ் வந்தான். புதுச்சேரிக்காரங்க. அவன் அம்மா அம்சவல்லியோட தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவராம், அதனால குடும்பத்துக்கே பிரெஞ்சு பாஸ்போர்ட்டு, பாரிஸ்ல வாசம். பையன் அமைதியா, மரியாதையா பேசினான். காயத்ரிக்குப் பிடிச்சிருந்துச்சு. அவளே அவனைக் கூப்பிட்டு, பழைய நிச்சயம் ஏன் நின்னுச்சுன்னு ஒண்ணு விடாம சொன்னா. "உங்கம்மா கிட்ட நானே நேர்ல சொல்றேன், நீ முந்திக்காதே"ன்னும் சொன்னா. அவன் அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணான். இவ நம்பினா, நானும் நம்பினேன்.

அம்சவல்லி முதல் வாட்டி எங்க வீட்டுக்கு வந்தப்ப நாலு நாற்காலி போட்டு வெச்சிருந்தேன். ஒண்ணுல அவ உக்காந்தா. ஒண்ணுல அவ ஹேண்ட்பேக் உக்காந்துச்சு. என் நாத்தனார் எல்லம்மாள் காலு வலியோட நிக்கறாங்க, பேகை எடுக்கலை. தலைமுடியை வாராம தோள்ல விரிச்சுப் போட்டுக்கினு, "என்னை எல்லாரும் மதாம்னுதான் கூப்பிடுவாங்க"ன்னா. காப்பியை உறிஞ்சினா சத்தம் வருதாம், அது அங்க அநாகரிகமாம். அப்புறம் ஆரம்பிச்சா பாரு. பதினாலாம் லூயின்னு ஒரு ராஜா. அவன் அரமனையில யாரு நிக்கணும், யாரு முக்காலியில உக்காரலாம்னு முறை உண்டாம். பெரிய பெரிய பிரபு பொண்டாட்டிங்களே அந்த முக்காலிக்காக சண்டை போட்டுக்குவாங்களாம். "அதாங்க கல்ச்சர்"ன்னா.

எங்க ஊர்லயும் கோவில்ல முதல் மரியாதை யாருக்குன்னு அடிச்சுக்கினு கோர்ட்டுப் படி ஏறுவாங்க, அதை நாங்க வெளியூர்க்காரங்க கிட்ட பெருமையா சொல்லிக்கிறதில்லைம்மான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. காயத்ரி முகத்தைப் பாத்தேன். முழுங்கிட்டேன்.

பெயிண்டிங் பத்தியும் பாடம் நடத்தினா. அந்த ராஜா காலத்துல படம் வரையறவங்களுக்குன்னு ஒரு அகாதமி இருந்துச்சாம். சாமி கதை, சரித்திரம் வரையறவன் உச்சாணிக் கொம்புல. முகம் வரையறவன் அடுத்த படி. மரம் மட்டை அதுக்கும் கீழ. கடைசிப் படியில பழம், காய்கறி, செத்த முயல் வரையறவன். செத்த முயலை எந்த மகராசன் காசு குடுத்து வாங்கி வீட்டுல மாட்டுவான்னு நான் யோசிச்சுக்கினு இருந்தேன். அவ என் கம்ப்யூட்டரைப் பாத்தா. திரையில மாங்கா பார்டர் ஓடிக்கினு இருந்துச்சு. "நீங்க எல்லாம் அந்தக் கடைசிப் படி"ன்னு சொல்லிட்டு சிரிச்சா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை.

கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டுல எடுக்கறதுதான் முறை. "நீங்கதானே நெய்யிறவங்க, நீங்களே நெய்ஞ்சு குடுத்துடுங்க. தட்டுல நாங்க வெச்சுக் குடுக்கறோம். முந்தானையில என்ன படம்னு மட்டும் நான் சொல்றேன்"னா. அடுத்த வாரம் போன்ல ஒரு போட்டோ வந்துச்சு. அவ வீட்டு ஹால்ல மாட்டியிருக்கிற படமாம். ஜோர்ஜ் தெ லா தூர்னு நானூறு வருஷத்துக்கு முந்தின பெயிண்டராம், விளக்கு வெளிச்சத்தை வரையறதுல மன்னனாம். அவரு படம் ஒண்ணு கைக்கு வந்ததும் பதிமூணாம் லூயி ராஜா மத்த படத்தையெல்லாம் அறையை விட்டு எடுக்கச் சொல்லிட்டதா ஒரு கதை கூட உண்டாம். "இதுல என்னம்மா கதை?"ன்னு கேட்டேன். "சொன்னா உங்களுக்குப் புரியாது. காயத்ரி கிட்ட காட்டிடாதீங்க, அவளுக்கு சர்ப்ரைஸ்"னா.

போட்டோ மங்கலா, பல்பு வெளிச்சம் பட்டு படத்து மேல கண்ணாடி பளபளக்க இருந்துச்சு. பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன். ஒரு பொண்ணு, சிவப்புப் பாவாடை, உக்காந்திருக்கா. எதிர்ல வேலைப்பாடு பண்ண சட்டம் போட்ட கண்ணாடி, அதுக்கு முன்னாடி ஒரு தீபம். கண்ணாடிக்குள்ள இன்னொரு தீபம். மடியில உருண்டையா ஒண்ணு. அது மேல ரெண்டு கையையும் கோத்து வெச்சிருக்கா.

"பூசணிக்காயா?"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"பூசணிக்காயை யாராவது மடியில வெச்சுக்குவாங்களா? தேங்காய். மூணு கண்ணு தெரியுது பாருங்க"ன்னேன்.

அவரு கண்ணாடியைப் போட்டுக்கினு பாத்தாரு. "ஆமா, மூணு குழி இருக்குது"ன்னாரு.

எனக்கு ஒரே ஆச்சரியம். நிச்சயத்தப்ப பொண்ணை உக்கார வெச்சு, குத்துவிளக்கு ஏத்தி, மடியில தேங்காய் வெச்சு நிரப்பறோமே, அதே மாதிரி அந்த ஊர்லயும் வழக்கம் இருந்திருக்குது! அம்சவல்லி மேல எனக்கு அன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், பாசம் கூட வந்துச்சு. வாய்தான் அப்படி, மனசு மங்களமானதைத்தான் தேடியிருக்குதுன்னு நெனச்சேன்.

ஆனா படத்துல சில கோளாறு இருந்துச்சு. அந்தப் பொண்ணு தலையை விரிச்சுப் போட்டிருந்தா. கல்யாணப் புடவையில தலைவிரி கோலமா? பின்னிவிட்டு, ரெண்டு முழம் பூ வெச்சேன். முத்துமாலையைக் கழட்டி மேஜை மேல வெச்சிருந்தா, இன்னும் ஏதோ நகை தரையில கிடந்துச்சு. நகையைத் தரையில போடற பொண்ணு விளங்குமா? பொறுக்கி எடுத்து அவ கழுத்துலயும் கையிலயும் மாட்டிவிட்டேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தா, கொஞ்சம் நம்ம பக்கம் திருப்பினேன். படம் பூரா இருட்டு. கூறைப்புடவையில கருப்பு ஆகாது, அதனால ராத்திரியை அரக்கு ஆக்கிட்டேன். தேங்காய்க்கு மட்டும் சுத்தமான ஜரிகை குடுத்து, மூணு கண்ணும் பளிச்சுன்னு தெரியற மாதிரி வெச்சு, மேல ஒரு குடுமியும் போட்டேன். என் கையால எத்தனையோ முந்தானை போட்டிருக்கேன், இது மாதிரி அமைஞ்சதில்லை.

குமாரவேலும் அவன் பொண்டாட்டி சந்தியாவும் தறியில உக்காந்தாங்க. பார்டரைத் தனி நூலுல கோத்து நெய்யிற கோர்வைங்கறதால ரெண்டு பேரு வேணும், அவன் இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம். தேங்காய் வந்த அன்னிக்கு சந்தியா, "யக்கா, கையை நீட்டி எடுத்துக்கலாம் போல இருக்குது"ன்னா. தறியிலேருந்து அறுத்த கூறைப்புடவையை தட்டுல வெக்கிற வரைக்கும் விரிச்சுக் காட்டற பழக்கம் எங்க வீட்டுல இல்லை. மடிச்சு, மஞ்சள் தடவி, சாமி ரூமுல வெச்சுட்டேன். பாரிஸ்லேருந்து அம்சவல்லி நாலு வாட்டி போட்டோ கேட்டா. அனுப்பலை.

நிச்சயத்தை எங்க வீட்டு ஹால்லயே வெச்சோம். காலையில பத்து மணிக்கெல்லாம் ஹாலு நிறைஞ்சுபோச்சு. அம்சவல்லி பட்டுப்புடவையும் விரிச்சுப் போட்ட முடியுமா வந்து, பீரோ கண்ணாடிக்கு எதிர்ல போட்டிருந்த நாற்காலியில உக்காந்தா. குத்துவிளக்கு எரிஞ்சுக்கினு இருந்துச்சு. பாரிஸ்லேருந்து கொண்டாந்த முத்துமாலையை எடுத்து காயத்ரி கழுத்துல போட்டா. தேங்காய், மஞ்சள், வெத்தலை பாக்கு எல்லாத்தையும் அவ மடியில வெச்சா. என் கண்ணு கலங்கிடுச்சு. இனிமே எவளும் எம் பொண்ணைப் பேச முடியாதுன்னு நெனச்சேன்.

"இப்ப எல்லாரும் பாருங்க, நாங்க தேர்ந்தெடுத்த புடவை"ன்னு சொல்லிக்கினே அம்சவல்லி முந்தானையை விரிச்சா.

விரிச்ச கை அப்படியே நின்னுச்சு.

"இது என்ன?"ன்னா.

"முந்தானைங்க"ன்னேன்.

"மடியில என்னன்னு கேக்கறேன்."

"தேங்காய்."

சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு. பக்கத்துல இருந்த அவ சொந்தக்காரங்க கிட்ட பிரெஞ்சுல ஏதோ சொன்னா, அவங்களும் சிரிச்சாங்க. தன் போனை எடுத்து, பளிச்சுன்னு தெளிவா இருந்த படத்தை ஹாலு பூரா காட்டினா. "தேங்காயாம்! இது மண்டை ஓடும்மா, மனுஷ மண்டை ஓடு! ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. உலகமே கும்பிடற படம். சாமி கதைப் படத்தைக் காய்கறிப் படமாக்கிட்டீங்களே! இருட்டு எங்க? லா தூர்னாலே இருட்டுதானே? பூ வேற வெச்சிருக்கீங்க!"

எல்லம்மாள் "ஐயய்யோ"ன்னு வாயைப் பொத்திக்கினாங்க.

எனக்கு வெக்கம் ஒரு பக்கம். ஆமா, நான் தப்பாத்தான் பாத்தேன். மூணு குழியைப் பாத்தா எனக்குத் தேங்காய்தான் தெரியும், நான் பாத்த மங்களம் அவ்ளோதான். ஆனா வெக்கத்தை விட பெருசா இன்னொண்ணு பொங்கி வந்துச்சு. மாசக்கணக்கா மூடி வெச்ச வாய் தானா தொறந்துக்குச்சு.

"தெரியாம தேங்காய் போட்டவ நானு. தெரிஞ்சு மண்டை ஓடு அனுப்பினவ நீ. கல்யாணப் பொண்ணு கட்டற புடவையில மண்டை ஓட்டைப் போடச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

நீன்னு சொன்னதும் எங்க வீட்டுக்காரரு நிமிர்ந்து பாத்தாரு. அவரு கையில பேப்பர் இல்லை, பாவம்.

அம்சவல்லி கொஞ்சமும் அசையலை. பாடம் நடத்தற குரல்லயே பேசினா. "அது சாவைக் காட்டற படம் இல்லை. தவம். அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா? மகதலா மரியா, ஏசுவோட சிஷ்யை. தப்பு வழியில போனவ. ஒரு நாள் மனசு திருந்தி, நகையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, ராத்திரி பூரா விளக்கு முன்னாடி உக்காந்து தன் பாவத்தை நெனச்சு வருந்தறா. கடவுள் அவளை மன்னிச்சுட்டாரு. எவ்வளவு உயர்ந்த விஷயம்!"

காயத்ரி தலை குனிஞ்சபடியே கேட்டா. "இதை எதுக்கு அத்தை எனக்குத் தேர்ந்தெடுத்தீங்க?"

"உனக்குப் புரியும்னுதான். விக்னேஷ் எல்லாத்தையும் சொல்லிட்டான், அந்தப் பழைய நிச்சயம், நின்னுபோனது, எல்லாம். நாங்க பெருசு பண்ணலை. உன்னை மன்னிச்சு ஏத்துக்கிறோம். வாயால சொன்னா நாகரிகமா இருக்காது, அதான் படத்தால சொன்னேன்."

வாயால சொன்னா நாகரிகம் இல்லையாம். நூறு பேரு நடுவுல வாயாலதான் சொன்னா. தெருவுல முணுமுணுத்துக்கினு இருந்தவளுங்க எல்லாம் காதைத் தீட்டிக்கினு உக்காந்திருந்தாளுங்க. போச்சு, இதுவும் போச்சுன்னு நெனச்சேன். அந்த மரியாம்மாவைப் பத்தியும் எந்த ஊர் வாய் என்னத்த பேசிச்சோ, அதையும் ஒருத்தன் படமா போட்டுட்டான்.

காயத்ரி மாப்பிள்ளையைப் பாத்தா. "நீ சொன்னியா?"

"அம்மா கேட்டாங்க, காயு. அம்மா கிட்ட எப்படி மறைக்கிறது?"

"என்ன சொன்ன?"

"நடந்ததைத்தான்."

"அவன் என்னை அடிக்கக் கையை ஓங்கினதைச் சொன்னியா?"

விக்னேஷ் அவங்கம்மாவைப் பாத்தான்.

"நான்தான் வேணாம்னு சொன்னேன்னு சொன்னியா?"

அவன் தலையைக் குனிஞ்சுக்கினான். அம்சவல்லி மகனைத் திரும்பிப் பாத்தா. அந்த ஒரு நொடி அவ முகத்துல பாரிஸும் இல்லை, ராஜாவும் இல்லை. அவளுக்குத் தெரியாதுன்னு எனக்குப் புரிஞ்சுச்சு. ஆனா தெரிஞ்சுக்கணும்னு அவ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேக்காமலே மன்னிக்க வந்துட்டா.

"மன்னிக்கிற அளவுக்கு நான் ஒண்ணும் பண்ணலைங்க"ன்னா காயத்ரி. குரல்ல கோவம் கூட இல்லை. நான் ஓடிப்போய் அவ கையைப் பிடிச்சிருக்கலாம். "பொறுத்துக்கோம்மா, ஊரு என்ன சொல்லும்"னு கெஞ்சியிருக்கலாம். என் நாக்கு நுனியில அதுதான் நின்னுச்சு. அவ என்னைப் பாத்தா. முழுங்கிட்டேன். நல்லவேளை, வாழ்க்கையில உருப்படியா முழுங்கினது அது ஒண்ணுதான்.

அவ எழுந்தா. முத்துமாலையைக் கழட்டி, அம்சவல்லி காலுக்குப் பக்கத்துல பாய் மேல வெச்சா. மடியில இருந்த தேங்காயை ரெண்டு கையாலயும் எடுத்து, அம்சவல்லி மடியில வெச்சா.

"மனசு திருந்தறவங்க இப்படித்தானே உக்காருவாங்க? நீங்களே உக்காந்துக்கோங்க"ன்னா.

சபையில மடியில வெச்ச தேங்காயை யாரு தூக்கிப் போடுவாங்க? உருண்டு விழப் போச்சு. அம்சவல்லி சட்டுன்னு ரெண்டு கையையும் அது மேல கோத்துப் பிடிச்சுக்கினா. ஒருத்தரையும் பாக்க முடியாம முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கினா. தோள்ல விரிஞ்சு கிடந்த தலைமுடி, தரையில முத்துமாலை, எதிர்ல பீரோ கண்ணாடி. குத்துவிளக்கு ஒண்ணு வெளியில எரியுது, ஒண்ணு கண்ணாடிக்குள்ள எரியுது.

எங்க வீட்டுக்காரரு தொண்டையைச் செருமினாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவரு இவ்வளவு சத்தமா பேசி நான் கேட்டதில்லை. "எல்லம்மா, அவங்க வண்டியை வாசலுக்கு வரச் சொல்லு"ன்னாரு.

நான் போய் புடவையை எடுத்தேன். எடுத்து மடிச்சுக்கினே அவளைப் பாத்தேன்.

"மதாம்"னேன். "இப்ப உங்க படம் சரியா இருக்குது பாருங்க. இதுல நான் ஒண்ணையும் மாத்தலை."